மூலை ஜன்னல்

புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் பெர்க்மான்ஸோடு இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் வரைந்த இன்பவல்லி, ஐம்பது வயதில் தனியாகப் பிரிந்து வந்தாள். முதல் வீட்டின் வரைபடத்தில், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒரு ஜன்னல் வைத்தாள். வீட்டுக்காரர் தயங்கினார்.

"இது பெர்க்மான்ஸ் ஜன்னல்தானே மேடம்? பாக்கிறவங்க காப்பின்னு சொல்லிடுவாங்க."

அந்த ஜன்னலை முதன்முதலில் வரைந்தவள் அவள்தான். ஆனால் அதன் அடிச்சுவரை அகலமாக்கி, உட்காரும் இடமாக மாற்றியவர் பெர்க்மான்ஸ். என்னுடையது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூலையைச் சுவராக்கிவிட்டாள்.

புதுமனை புகுவிழாவுக்குப் பெர்க்மான்ஸும் வந்திருந்தார். நேராக அந்த மூலைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க ஏன் மூடிட்டே, இன்பா?"

"அது உங்களோடதுன்னு சொல்றாங்க சார்."

அவர் கையை எடுக்கவில்லை.

"நீ போனப்புறம் நானும் அதை எங்கயும் வைக்கல. வரைய ஆரம்பிப்பேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணும். அழிச்சிடுவேன்."

கூடத்திலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். காற்று நுழையாத அந்த மூலையில் வேர்த்துக்கொண்டு, இருவரும் சுவரைப் பார்த்தபடியே நின்றார்கள்.