மாற்றிய எண்ணெய்

"ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பலைன்னு இவளே சொல்றா. அப்புறம் எப்படி டாக்டர், ரத்தத்துல மருந்தே இல்லாமப் போச்சு?"

நாத்தனார் மேசையைத் தட்டிக் கேட்டாள். தம்பி இறந்து பதினோரு நாள். எட்டு மாதத்துக்கு முன் அவனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவள் அவள். பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வெச்ச சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிடாமக் காக்குற மருந்து அது. அதைச் சிதைச்சு வெளியேத்துற நொதிகள் கல்லீரல்ல இருக்கு. நாம சாப்பிடுற கொழுப்பு, எண்ணெய் மாறினா அதோட வேகமும் கொஞ்சம் மாறலாம்னு சொல்றாங்க. ஆனா, இந்த அளவுக்குக் குறையுமான்னு..."

"எண்ணெயா?" நாத்தனார் திரும்பினாள். "ஏதாவது மாத்தினியா நீ?"

காத்திருக்காமல் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம்தான், டாக்டர், தேறி வந்தான்! மருந்து ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கை நடுக்கம். ஒரு ஸ்க்ரூவப் பிடிக்க முடியலைன்னு அழுவான். அது நின்னு, கடையத் திறந்து, மறுபடி வாட்ச் ரிப்பேர் பண்ண உக்காந்தானே!"

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "நடுக்கம் நின்னுடுச்சா? அப்படின்னா அவர் மாத்திரையை..."

"நான்தான் டாக்டர்!" மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். "மீன் எண்ணெய் நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. தினம் கொடுத்தேன். சமையல் எண்ணெயையும் மாத்திட்டேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அடிப்பாவி! கண்ணை இமை காக்குற மாதிரி பாத்துக்கறேன்னியே! உன் கைவைத்தியத்துக்கா நான் வயித்தக் கிழிச்சுக் கொடுத்தேன்?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "இனி என் வாசப்படிய மிதிச்சுடாதே."

"சரி அண்ணி."

வீடு திரும்பியவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பத்து வருடமாக அதே அலமாரியில், அதே எண்ணெய்.

அவன் போன மூன்றாம் நாள், அவனுடைய கோட்டு ஒன்றை மடித்து வைக்கும்போது உள்பையில் கைக்குட்டை முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. அதற்குள், அவள் வேளை தவறாமல் கையில் கொடுத்த இரண்டு மாதத்து மாத்திரைகளும், விழுங்காமல் துப்பிய எச்சில் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தன.