கிருமி இருந்தால் போதும்

“கிருமி இருக்குன்னு யூரின் ரிப்போர்ட்லயே போட்டிருக்கே, சிஸ்டர். அம்மாவுக்கு மருந்து ஆரம்பிச்சிடலாமே?”

முதியோர் இல்லத்து நர்ஸ் பொறுமையாக விளக்கினார். “வயசானவங்க சிறுநீர்ப்பையில கிருமி சும்மா குடியிருக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல, எரிச்சல் இல்ல. தொந்தரவு பண்ணாததைக் கொல்லப் போனா, நாளைக்கு நிஜமாவே நோய் வரும்போது எந்த மருந்தும் கேட்காது.”

“காலைல என்னைப் பார்த்து, ‘நீங்க யாரு தம்பி?’ன்னு கேட்டாங்க.”

“கிருமி முத்தினா திடீர்னு குழப்பம் வரும்தான். ஆனா அம்மா ஆறு மாசமாவே ஒவ்வொண்ணா மறந்துட்டுதானே வர்றாங்க? இது கிருமியால வந்ததில்ல.”

மகனின் குரல் உடைந்தது. “கிருமின்னா ஒரு வாரத்துல சரியாயிடும். மறதின்னா நான் என்ன பண்ணுவேன்? ஏழே நாள் மாத்திரை, சிஸ்டர். உங்க கால்ல வேணா விழறேன்.”

நர்ஸ் மருந்துச் சீட்டை அவர் முன்னால் வைத்தார்.

“நான் இப்ப சொன்னதெல்லாம் நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான், டாக்டர். அதுக்கப்புறமும் வேணும்னா எழுதுங்க, குடுத்துடறேன்.”

இல்லத்தின் டாக்டரான மகன் பேனாவைத் திறந்து அம்மாவின் பெயரை எழுதினார். வெகுநேரம் கழித்து, அதன் கீழே ‘மருந்து தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.