அக்கா கொடுத்த ரத்தம்

பத்து வருடங்களுக்கு முன் அக்கா கொடுத்த எலும்பு மஜ்ஜையால் பிழைத்தவர் இந்தத் தையல்காரர். அன்றிலிருந்து அவர் உடம்பில் ஊறுவது அக்காவின் ரத்தம், நெகட்டிவ் வகை. அக்கா வீட்டைவிட்டுப் போய் நாலு வருடமாகிறது. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தையல்காரர் மாதம் தவறாமல் என் ஆய்வகத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு வருவார்.

"ரத்தத்துல எல்லாரும் ஒழுங்கா வேலை பாக்குறாங்களா சார்?"

"நியூட்ரோஃபில் முதல் ஆளா ஓடிப்போய்க் கிருமியை விழுங்குது. டி செல், கிருமி புகுந்த செல்லைத் தேடி அழிக்குது. பி செல் எதிர்ப்பொருள் செய்யுது. ஆனா தான் நேர்ல சந்திச்சவனுக்கு எதிரா மட்டும்தான்."

"எங்க அக்காவும் அப்படித்தான். முகத்தைப் பாக்காம சண்டை போடமாட்டா."

இந்த மாதம் புதிதாக ஒரு எதிர்ப்பொருள் இருந்தது. மூன்று முறை சோதித்தேன். நெகட்டிவ் ரத்தமுள்ள தாய், பாசிட்டிவ் ரத்தமுள்ள பிள்ளையைச் சுமந்தால் உண்டாவது. அவர் உடம்பில் அது வர வழியே இல்லை. அவரிடம் அப்படியே சொன்னேன்.

"அக்காவுக்குப் பையனா, பொண்ணா சார்?"

"அது இதுல தெரியாது."

தோளில் கிடந்த அளவுநாடாவை எடுத்து, பதின்மூன்று அங்குலத்தில் வளையமாக்கினார்.

"பிறந்த பிள்ளைக்கு மார்பளவு இவ்வளவுதான் சார்."

வளையத்தை இறுக்காமல் பிடித்திருந்தார்.