நாற்பது கிராம் ஈயம்

"ஏலே தப்ரேஸ், கிளைடர் மூக்கத் தெறந்து காட்டு! உள்ள வேற என்னமோ வச்சிருக்க!"

"எல்லாரும் வைக்கிற நாப்பது கிராம் ஈயந்தான். பொறாமையில வேகாத, சேவியரு!"

ஆத்தூர் அணைப் பக்கத்துப் பொட்டலில் ரிமோட் கிளைடர் பந்தயம். மூன்று வருடமாகக் கோப்பை தப்ரேஸ் வீட்டு அலமாரியில்தான். சேவியரும் தன் கிளைடரின் இறக்கையைத் தேய்த்தான், வாலைத் திருகினான், ஈயத்தை இரண்டிரண்டு கிராமாகக் குறைத்தான். வயிற்றெரிச்சலை மட்டும் குறைக்கத் தெரியவில்லை.

தப்ரேஸ் தொழுகைக்குப் போனதும், சேவியர் அவன் கிளைடரின் மூக்கைத் திறந்து ஈயக்கட்டியைத் தன் சட்டையின் இடது பையில் போட்டுக்கொண்டான். முன்பாரம் இல்லாத கிளைடர் மூக்கைத் தூக்கும், திணறும், விழும்.

பந்தயத்துக்கு முன் தப்ரேஸின் கிளைடரை எடை போட்டார்கள். காலையில் ஈயத்தோடு காட்டிய அதே ஆயிரத்து எண்ணூறு கிராம். பறக்கவிட்டார்கள். நூல் பிடித்தாற்போல் நேராகப் போய் ஜெயித்தது.

அன்று மாலையே சேவியர் ஈயத்தை அணையில் வீசினான்.

தப்ரேஸ் ரஃபியா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டான். தை மாதம் சேவியருக்கும் சகாயசெல்விக்கும் கல்யாணம். கோட்டுக்கு அளவெடுத்த டெய்லர் கேட்டார்: "இடது தோள் இம்புட்டு எறங்கியிருக்கே, பையில என்ன வச்சிருக்கீங்க தம்பி?"

சேவியர் பையை வெளியே இழுத்துக் காட்டினான். வெறும் பை.

கல்யாணப் போட்டோவை, அவன் நேராகத் தெரியும்படி, ஆல்பத்தில் சாய்த்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் சாய்ந்து நிற்பவள் சகாயசெல்வி.