இடம் மாறும் மரம்

ரயில்வே சரக்கு யார்டில் நான்கு வருடமாக ஒரு திறந்த வேகன் கிடந்தது. கிடந்தது என்று சொல்வதும் சரியில்லை. மற்ற வேகன்களுக்கு வழிவிட அதைத் தினமும் நகர்த்துவார்கள். காலையில் மூன்றாம் லைனில் நின்றால் மாலையில் ஐந்தில் நிற்கும். அதற்குள் சேர்ந்த கரித்தூளிலும் மண்ணிலும் ஓர் அரசமரம் ஆளுயரம் வளர்ந்திருந்தது. மரத்தில் காக்கைக் கூடு, கூட்டில் மூன்று குஞ்சுகள். இரை தேடிப் போகும் தாய்க்காக்கை ஒவ்வொரு தடவையும் லைன் லைனாகப் பார்த்து வந்து தன் மரத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இன்று அந்த வேகனை உடைப்பதற்காக வெளியூர் அனுப்புகிறார்கள். கூட்டை மட்டும் எடுத்துவிடலாமென்று காலையில் ஏறிய யார்டு ஊழியர் மாசிலாமணிக்குத் தலையில் கொத்து வாங்கியதுதான் மிச்சம். இப்போது வேகனை ரயிலின் கடைசியில் கோத்துவிட்டு, பச்சைக் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றார்.

"சிக்னல் போட்டு அஞ்சு நிமிஷமாச்சுண்ணே," என்றான் டிரைவர் டைட்டஸ், வாக்கிடாக்கியில்.

"இருப்பா. ஒரு ஆளு வரணும்."

"இது சரக்கு வண்டிண்ணே."

மாசிலாமணி வானத்தைப் பார்த்தார். சற்று நேரத்தில் காக்கை வந்தது. மூன்றாம் லைனைப் பார்த்தது, ஐந்தைப் பார்த்தது, பிறகு நேராக மரத்தில் இறங்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டத் தொடங்கியது. அவர் கொடியை விரித்துக் காட்டினார்.

வண்டி குலுங்கிக் கிளம்பியது. காக்கை பறக்கவில்லை. எப்போதும்போல இரண்டு லைன் தள்ளிப்போய் நின்றுவிடும் என்று நினைத்திருக்கும்.