பேச விடாதவர்

"இன்னிக்கு இந்த மேடத்தோட வேஷத்தைக் கலைக்கலைன்னா பாரு" என்று தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள் பட்டாசு.

பட்டாசு என்பது வகுப்பு வைத்த பெயர். கேன்டீன் டீ ஆறிப்போனாலும் சரி, ஹாஸ்டலில் தண்ணீர் நின்றுபோனாலும் சரி, முதல் ஆளாக வெடிப்பது அவள்தான்.

"மெதுவா பேசுடி. துறைத் தலைவர் பின்னால உட்கார்ந்திருக்கார். மேடத்தை அடுத்த வருஷமும் வச்சுக்கறதா, அனுப்பிடறதான்னு பார்க்க வந்திருக்காராம்."

"நல்லதாப் போச்சு. அவரும் கேக்கட்டும்."

மொழி மானிடவியல் வகுப்பு அது. மனிதர்கள் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று படிக்கிற பாடம். போன வாரம் மேடம் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்.

"ஏதாவது ஒரு இடத்துல போய் உட்காருங்க. அங்க யார் பேசறாங்க, யாருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கலைன்னு கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க."

ஒருவன் சலூனுக்குப் போனான். ஒருத்தி ஆஸ்பத்திரி வரவேற்பறைக்குப் போனாள். பட்டாசு எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்திலேயே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது.

"நான் கவனிச்ச இடம் இந்த வகுப்புதான் மேடம்."

மேடம் சிரித்தார். "நல்ல யோசனை. சொல்லும்மா."

"தினமும் வரிசையா எல்லாரையும் கேள்வி கேக்கறீங்க. தூங்கறவனைக்கூட எழுப்பிக் கேக்கறீங்க. ஆனா மூணாவது பெஞ்சுக்கு வந்ததும் ஒருத்தரை மட்டும் தாண்டிப் போயிடறீங்க. அக்காவை."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அக்கா என்றால் எல்லோருக்கும் அக்கா. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானும் படிக்க வருகிறவர். "வணக்கம்க்கா" என்றால் சிரிப்பார். அதற்கு மேல் நின்று பேச யாருக்கும் நேரமில்லை.

மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. "அதை அப்புறம் பேசலாம். என் ரூமுக்கு வா."

"ஏன் மேடம், இங்கேயே பேசலாமே? இந்த வயசுல படிச்சு என்ன கிழிக்கப் போறாங்கன்னுதானே விட்டுட்டீங்க? யாருக்குப் பேச வாய்ப்பில்லைன்னு எங்களைக் கவனிக்கச் சொல்லிட்டு, நீங்களே ஒருத்தர் வாயை அடைச்சு வச்சிருக்கீங்க."

கைதட்டல் கிளம்பியது. பட்டாசுக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

"போதும், உட்காரு" என்றார் மேடம். அவர் குரல் அப்படிக் கடுத்து யாரும் கேட்டதில்லை.

"நான் எதுக்கு உட்காரணும்? அக்கா, நீங்க எழுந்திரிங்க. பயப்படாதீங்க. ஒரு நாளாவது உங்களைக் கேள்வி கேட்டிருக்காங்களா? நீங்களே சொல்லுங்க."

அக்கா எழுந்தார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பாத்தீங்களா சார்? வாயைத் திறக்கவே முடியலை. அந்த அளவுக்குப் பயமுறுத்தி வச்சிருக்காங்க."

"நீங்க உட்காருங்கம்மா" என்று மேடம் அவசரமாக அக்காவிடம் சொன்னார். பிறகு துறைத் தலைவரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்தான் சார். நான் அவங்களைக் கேக்கறதில்லை."

"என்ன காரணம்?"

மேடம் அக்காவை ஒரு தரம் பார்த்தார். "சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லை சார்."

"என் ரூமுக்கு வாங்க" என்று துறைத் தலைவர் எழுந்து போனார். மேடம் சாக்பீஸை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

வராந்தாவுக்கு வந்தும் பட்டாசுக்குக் கொதிப்பு அடங்கவில்லை. "சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லையாம். என்ன திமிர் பாரு!"

அக்கா எதிரே வந்து நின்றார்.

"நீ... நீ..."

"நீ நல்லா இருக்கணும்னு சொல்ல வர்றீங்க. விடுங்கக்கா, எனக்கு நன்றியெல்லாம் எதுக்கு?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி முயன்றார். ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் மாட்டி மாட்டி வந்தது. இது பயமில்லை, திக்குவாய் என்று அப்போதுதான் பட்டாசுக்கு உறைத்தது.

"நா... நான்தான் மேடத்தைக் கேட்டுக்கிட்டேன். கி... கிளாஸ்ல என்னைக் கேக்காதீங்கன்னு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு. எல்லாரும் போனப்புறம் ரூம்ல உட்கார வச்சு என்னைக் கே... கேள்வி கேப்பாங்க. நான் முடிக்கற வரைக்கும் கா... காத்துட்டிருப்பாங்க."

பட்டாசின் முகம் செத்துப்போனது. அத்தனை நேரம் மேடத்தின்மேல் எரிந்த கோபம் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. இத்தனை பேர் பார்க்க அக்காவை எழுப்பி நிறுத்தியது யார்? அவளேதான்.

அக்கா துறைத் தலைவரின் அறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"அக்கா, நில்லுங்க. நானும் வர்றேன். உங்களுக்காக நான் பேசறேன்."

அக்கா திரும்பினார். உதடு துடித்தது. முதல் சொல் வர வெகு நேரம் பிடித்தது. இந்த முறை பட்டாசு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"எ... எனக்காகப் பேசினது போதும்மா. இந்த வருஷம் பூரா எ... என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கியா?"