கால்மாட்டில்

"இந்த வருசத்தோட போதும்லா. அடுத்த வருசம் நீங்க மட்டும் போங்க, நான் வரல."

தைப்பிங் நெருங்கும்போதே கலாதேவி ஆரம்பித்துவிட்டாள். கார்க் கண்ணாடியில் மழை அடித்து ஊற்றியது. இந்த ஊரில் அது என்றைக்கு நின்றிருக்கிறது!

காரை ஓட்டிய சதாசிவம் வைப்பரை வேகப்படுத்தினார்.

"இன்னிக்கு நம்ம புள்ளைக்குத் தெவசம். வீட்டுல படையல் போடாம, ஊரான் புள்ளை கபர்ல வந்து நிக்கிறோம். கேக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சாயங்காலம் போய்ப் போட்டுக்கலாம்."

"இந்த மாதிரி மழைன்னா அவனுக்குக் கால் வலிக்கும். இரும்புப் பிளேட்டு வச்ச கால். தேய்ச்சு விடும்மான்னு நீட்டிக்கிட்டு உக்காருவான்." கலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லீவில் வந்தபோது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முறித்துக்கொண்ட கால் அது.

அவர்கள் மகன் யுகேந்திரனும் அஸ்வானும் ஒரே முகாமில் சிப்பாய்கள். ராணுவச் சரக்கு விமானம் மலையில் மோதியபோது இருவரும் ஒன்றாகவே போனார்கள். ஆணி அடித்த இரண்டு பெட்டிகள் ஒரே லோரியில் பேராக்குக்கு வந்தன. திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்று சுங்கை சிப்புட்டில் தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போனது. மற்றது தைப்பிங்கில் அடக்கமானது.

அஸ்வானின் தாய் குல்ஜார் பேகம் குடையோடு அடக்கத்தலத்தின் வாசலிலேயே காத்திருந்தாள்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. எங்க சொந்தக்காரங்களே மறந்துட்டாங்க. நீங்கதான் வருசம் தவறாம வாரீங்க."

கபரருகே போனதும் அவள் குரல் இறங்கியது. "எம்மவன முறைப்படி மண்ணுல வச்சோமே, அந்த ஒரு நிம்மதியிலதான்ணே உசுரோட இருக்கேன்."

சதாசிவம் அவளிடமிருந்து தண்ணீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டார். மழை சற்று விட்டிருந்தது. வழக்கம்போல் அவர் கால்மாட்டுப் பக்கம் போய்க் குந்தினார். சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றி, ஈர மண்ணை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். கலாதேவி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

திரும்பும் வழியில் அவள் மறுபடியும் தொடங்கினாள். "நம்ம வீட்டுப் படையல் முன்னாடிகூட இவ்வளவு நேரம் உக்கார மாட்டீங்க. அந்தப் புள்ளை மேல அப்படி என்ன பாசம்?"

"பாவம், அந்தம்மா தனியா இருக்கு. விடு."

மறைத்து மறைத்து அவருக்குச் சலித்துப் போயிருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வருடமும் வாய் வரை வரும். குல்ஜார் பேகத்தின் முகம் வந்து தடுத்துவிடும்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. மகனின் பெட்டியை எரித்த மறுநாள் எலும்பு பொறுக்க அவர் மட்டும்தான் போனார். ஆறிய சாம்பலை எவ்வளவு துழாவியும் அவன் காலில் வைத்த அந்தப் பிளேட்டு கிடைக்கவே இல்லை.